மிச்சமானி காட்டியதும் உன் அம்மா சொன்ன சரியும்

அன்புள்ள மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நடுவில் கிடைத்த நேரத்தில் சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அங்கே இருமல் சளி எதுவும் இல்லாமல், நீ பழுது பார்க்கிற லிப்ட்டுகள் எல்லாம் சொன்ன மாடியில் சொன்னபடி நின்று, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக அம்மா எழுதும் கடிதத்தின் ஓரத்தில் நான் இரண்டு வரி கிறுக்குவேன். இந்தத் தடவை முழுக் கடிதத்தையும் நானே எழுத வேண்டும் என்று உத்தரவு. யார் உத்தரவு, எதற்காக என்பதெல்லாம் பின்னால் வரும். முதலில் ஒன்று. இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. பேனா கையில் இருந்தால் மூடி வை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. போன ஞாயிறு போனில் அம்மாவிடம் இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டாயாம், அம்மா ஒரு கேள்விகூடக் கேட்காமல் "சரிம்மா, ரொம்ப சந்தோஷம், அப்படியே செய்" என்று சிரித்தார்களாம், நான் இல்லாமல் அவர்களுக்குப் பழகிவிட்டதா சித்தப்பா என்று எழுதியிருக்கிறாய். அடுத்த இரண்டு ஞாயிறும் மலைமேல் வேலை, அங்கே போன் எடுக்காது, இறங்கி வந்ததும் கையெழுத்து என்றும் எழுதியிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் மலைக்கே அனுப்புகிறேன். பழகவும் இல்லை ஒன்றும் இல்லை மகளே. நடந்ததே வேறு. ஆனால் அதைச் சொல்ல ஒரு கண்டுபிடிப்பின் வரலாற்றையே சொல்லியாக வேண்டும், பொறுமையாகப் படி.

ஆறு வாரத்துக்கு முன்னால் அம்மாவின் காது மிஷினோடு வந்த சார்ஜர் பெட்டி பழுதாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் மேம்படுத்தலாமே என்று நான்தான் திறந்தேன். திறந்தது மட்டும்தான் நான், உடைந்தது அதுவாக. புதுப் பெட்டி வர இரண்டு மாதம் ஆகும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டுக்கு நான்தான் தூண், தூண் நின்றுகொண்டிருக்கும்போது அண்ணி இரண்டு மாதம் காது கேட்காமல் உட்கார்ந்திருப்பதா? எட்டாம் வகுப்பில் எட்டு மாதம் படித்தவன் நான். அந்த எட்டு மாதத்துக்குள் மின்சாரப் பாடம் வந்தது என் நல்ல காலம், அது முடிவதற்குள் நான் நின்றுவிட்டது வாத்தியாரின் நல்ல காலம். பழைய சைக்கிளிலிருந்து டைனமோவைக் கழற்றி, சித்தியின் தையல் மிஷின் சக்கரத்தில் உரசுகிற மாதிரி வைத்துக் கட்டினேன். பழைய ரேடியோவிலிருந்து ஒரு டயோடு எடுத்து நடுவில் போட்டேன், அது கரண்டைப் போக விடும், திரும்பி வர விடாது, மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பாத்திரம் மாதிரி. சித்தி ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்கு ஓரம் அடித்து முடிப்பதற்குள் அண்ணியின் பொத்தான் பாட்டரி ஒரு நாளைக்குக் காணும் அளவு நிரம்பிவிடும். சித்தி மட்டும் "துணியும் தைக்கணும், கரண்டும் தைக்கணுமா, ரெண்டுக்கும் ஒரே காலுதானே இருக்கு" என்று முணுமுணுத்தாள். பெரிய விஞ்ஞானிகள் எல்லோருக்கும் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள் என்று நான் விட்டுவிட்டேன்.

நிரப்பினால் போதுமா, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? தண்ணீர்த் தொட்டி என்றால் எட்டிப் பார்க்கலாம், அரிசி டப்பா என்றால் தட்டிப் பார்க்கலாம், பாட்டரியை என்ன செய்வது? மூன்று நாள் யோசித்தேன், சாப்பாடுகூட இறங்கவில்லை (இறங்கியது என்பாள் சித்தி, அதுவும் மறுசோறு வாங்கி). நாலாம் நாள் பிறந்தது மிச்சமானி. பேரும் நான் வைத்ததுதான். பழைய சுவர்க் கடிகாரத்தின் முகத்தை எடுத்து, எண்களை அழித்து, "நிறைய", "பாதி", "கொஞ்சம்", "போச்சு" என்று சிவப்பு மையில் எழுதி, நடுவில் ஒரு நீள முள். கீழே ஒரு கிளிப். சாயங்காலம் பொத்தான் பாட்டரியைக் கிளிப்பில் வைத்தால் முள் நகர்ந்து உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் பார், அந்தச் சின்ன பாட்டரிக்கு அவ்வளவு பெரிய முள்ளைத் தள்ளத் தெம்பில்லை. எறும்பைக் கூப்பிட்டு பீரோவை நகர்த்தச் சொன்னால் எப்படி? அதனால் துணைக்கு முதுகுப் பக்கம் ஒரு பென்சில் செல்லைப் போட்டேன். அவ்வளவுதான், முள் துள்ளிக்கொண்டு போய் "நிறைய"வில் நின்றது. தெருவில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நாலு பேர்தான், அதில் ஒருத்தர் விலாசம் விசாரிக்க வந்தவர் என்பது சித்தியின் கணக்கு. மின்வாரியத்திலிருந்தே ஒரு அதிகாரி வந்து மிச்சமானியைப் பார்த்து அப்படியே வாயடைத்து நின்றார். அவர் மீட்டர் கணக்கெடுக்க வந்தவர், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் பேசவில்லை என்கிறாள் அவள். யார் சொல்வதை நம்புவது என்பதை உன் விருப்பத்துக்கே விடுகிறேன்.

பகலில் பாட்டரி அண்ணியின் காதில் இருக்கும், அதுவரை மிச்சமானியைத் தூசி படாமல் துணி போட்டு மூடி வைப்பேன். மூன்று வாரம் முள் "நிறைய"வை விட்டு இம்மி நகரவில்லை. என் பாட்டரி தீரவே தீராது என்று நான் மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஊருக்கே சொல்லிவிட்டார். இதற்குள் சீருடைத் தையல் முடிந்து போனது. "தைக்கத் துணியில்ல, முள்ளும் நிறையலயே நிக்குது, அப்புறம் நான் எதுக்கு வெறும் மிஷினை மிதிக்கணும்?" என்று சித்தி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். நியாயம்தானே. நீ போன் செய்த ஞாயிறு அன்று அவள் மிதித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அம்மா எப்போதும் போல போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நீ பேச ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, சத்தம் அப்படியே நின்றுவிட்டதாம். உன் முகம் தெரிகிறது, உதடு அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. எதிரே அலமாரி மேல் துணி போட்டு மூடிய என் மிச்சமானி. காலையில் பாட்டரியை எடுத்தபோது முள் நிறையவில் நின்றது அவர்களுக்கு ஞாபகம். வேறு யாராயிருந்தாலும் மிஷின்மேல் சந்தேகப்பட்டிருப்பார்கள். உன் அம்மா என்ன நினைத்தார்கள் தெரியுமா? "பாட்டரி நிறைய இருக்கு, அப்ப போனது என் காதுதான்." என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இருந்த கொஞ்ச நஞ்சக் காதும் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் அதைச் சொல்லிக் கலங்கடிப்பானேன் என்று, நீ சிரித்தபோது சிரித்து, நீ நிறுத்தினபோதெல்லாம் சரிம்மா சந்தோஷம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நீ மூன்று வருஷம் கேட்டாய். முப்பது வருஷம் கேட்டிருந்தாலும் அன்றைக்குக் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு நாலு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டல். திங்கட்கிழமை நான் போய், அண்ணி, ஒரு பரிசோதனைக்கு உங்கள் ரூம் ஃபேன் மோட்டார் வேண்டும், கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "சரி தம்பி, தாராளமா" என்றார்கள். முப்பது வருஷமாக ஒரு ஸ்குரூ கழற்றக்கூடச் சம்மதிக்காதவர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். கழற்றிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை தையல் ரூம் கடிகாரம் நின்றுவிட்டது. சித்தி கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, மிச்சமானியின் முதுகிலிருந்த பென்சில் செல்லை உருவினாள். அண்ணியின் பாட்டரி கிளிப்பிலேயே இருக்கிறது, ஆனால் முள் சரேலென்று இறங்கி "போச்சு"வில் விழுந்தது. செல்லைத் திரும்பப் போட்டாள், நிறைய. அண்ணியின் பாட்டரியை எடுத்துவிட்டுப் பார்த்தாள், அப்போதும் நிறைய. வெறும் கிளிப், நிறைய! என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். "ஏங்க, இது அக்கா பாட்டரியை ஒரு நாளும் அளந்ததே இல்லீங்க. தன் முதுகுல இருக்கிறதைத் தானே அளந்து, நிறைய நிறையன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. அப்படியே உங்களையே செஞ்சு வச்சிருக்கீங்க" என்றாள். நான் முள்ளைத் தட்டிப் பார்த்தேன். அப்போதும் நிறைய. அப்புறம்தான் அவளுக்குச் சுரீரென்று பட்டது, நாலு நாளாக அக்கா ஏன் தலையை மட்டும் ஆட்டுகிறார் என்று. மிஷினில் உட்கார்ந்து துணியே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் மிதித்தாள், மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் என்னை ஒரு வார்த்தை. அண்ணி எதிரில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக ஏறியதும் பாட்டரியை எடுத்துக் காதில் பொருத்தினோம். முதலில் கேட்டது சித்தி என்னைத் திட்டும் சத்தம்தான். அண்ணி அப்படியே சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நேரமா இப்படித் திட்டுற? நல்லதையெல்லாம் கேக்காம விட்டுட்டேனே" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்து அண்ணாந்து பார்த்து, "என் ஃபேன் எங்க?" என்றார்கள்.

மறுநாள் சித்தி கேட்டாளாம், ஏன்க்கா எங்ககிட்டகூடச் சொல்லல என்று. "ஊர்ச் சத்தம் போனா போகுது. அவ குரல் இனிமே இல்லைங்கிறதை வாய்விட்டுச் சொல்ல வரல" என்றார்களாம். இதை எழுதச் சொன்னது சித்தி, அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அதற்கடுத்த நாள்தான் உன் கடிதம் வந்தது. சித்தி உரக்கப் படித்தாள். மூணு வருஷம் என்கிற இடம் வந்ததும் அண்ணி "மறுபடி படி" என்றார்கள். மூன்று தடவை படிக்க வைத்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் எழுதினா, தன்னைத் தேத்துறதுக்கு அம்மா கதை கட்டுறாங்கன்னு நினைப்பா. நீங்க எழுதுங்க. உங்க மிஷின் தப்புன்னு உங்க கையாலயே எழுதினா அது உண்மைன்னு அவ நம்பிடுவா" என்றார்கள். இதுதான் அந்த உத்தரவு. இத்தனை பக்கம் சுற்றி வளைத்ததும் இதற்குத்தான், ஐம்பத்தாறு வயசில் நான் எழுதிப் பழகாத வரி, பேனாவே வழுக்குகிறது. எழுதிவிடுகிறேன், பார்த்துக்கொள்.

என் மிச்சமானி தப்பு. செய்த நானும் தப்பு.

(டைனமோ தப்பில்லை. அது இன்றைக்கும் அருமையாக ஓடுகிறது.)

ஆகையால் மகளே, அம்மா கேட்காமல் சொன்ன அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இல்லை என்றும் சொல்லவில்லை. மலையிலிருந்து இறங்கியதும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் போட்டு முதலிலிருந்து மறுபடி கேள். இப்போது சித்தி தினமும் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரை மணி மிதிக்கிறாள், இரண்டு பாட்டரி மாற்றி மாற்றி நிரம்புகிறது, முள்ளை யாரும் கேட்பதில்லை. அம்மா ஒரு தாளில் பதினோரு கேள்வி எழுதி வைத்திருக்கிறார்கள். தங்குமிடம் மாறுமா, யார் கூட இருப்பார்கள், ராத்திரி வேலை உண்டா, லிப்ட் கயிறு யார் சரிபார்ப்பது, இப்படி. வருஷத்துக்கு எத்தனை தடவை வீட்டுக்கு வர விடுவார்கள் என்பது முதல் கேள்வி, ஏழாவது கேள்வி, பதினோராவது கேள்வி. பதில் சொல்லத் தயாராக வா. கடைசியில் சரி என்றுதான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, உன் முன்னேற்றத்தை அவர்கள் தடுத்தவர்களா? ஆனால் அது கேட்டுவிட்டுச் சொன்ன சரியாக இருக்கும். அது உனக்கு வேண்டும், எடுத்துக்கொண்டு போ.

உடம்பைப் பார்த்துக்கொள். மலைமேல் குளிரும், காதை மூடிக்கொண்டு இரு, காதின் அருமை நம் வீட்டுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும். உன் போன் சார்ஜை இருபதுக்குக் கீழே இறங்க விடாதே. உன் கைக்கு மிஷின் எல்லாம் படிகிறதே, அது என் ரத்தம் என்று உன் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. நீ தொட்டதெல்லாம் துலங்கி, ஏறின உயரத்திலிருந்து பத்திரமாக இறங்கி, நூறு வருஷம் நன்றாக இரு.

மிச்சமானியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அம்மாதான் வாங்கித் தன் ரூமில் மாட்டியிருக்கிறார்கள். பென்சில் செல்லைக் கழற்றிவிட்டார்கள், முள்ளைத் தன் விரலால்தான் நகர்த்துகிறார்கள். நீ வீட்டுக்கு வர இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று அது இப்போது காட்டுகிறது. நான் செய்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அது சரியாகக் காட்டுகிறது என்று சித்திகூட ஒப்புக்கொண்டாள். முள் "நிறைய"வில் நிற்கிறது. கீழே இறக்குவது உன் கையில் இருக்கிறது.

ஃபேனைத் திரும்ப மாட்டிவிட்டேன். இப்போது பின்னோக்கிச் சுற்றுகிறது, காற்று வருகிறது.

இப்படிக்கு,
உன் மேல் உயிராக இருக்கும் சித்தப்பா,
மிச்சமானி கண்டுபிடித்தவர்