பாசி விட்ட மூச்சு

அதியமான்கோட்டை,
14.5.1974

அன்புள்ள வூட்டுக்காரருக்கு,

என் கோபம் இன்னும் ஆறவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து பதினைந்து நாளாகிறது. நீங்கள் எழுதியது இரண்டே வரி!

பழங்கிணற்றில் தூர் வார இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் இறக்க வேண்டும். மாதாவை வேண்டிப் பத்து அருள் நிறை மந்திரம் சொல்லி முடியும்வரை அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். உங்கள் அப்பா காலத்து வழக்கம். நீங்கள் மூன்றே சொல்லிவிட்டு இறங்கி, உள்ளே மயங்கி விழுந்தீர்கள். கூட வேலைக்கு வந்த மாது அண்ணன் மேலே இழுத்திராவிட்டால் நான் தாலி அறுத்திருப்பேன். கண் விழித்ததும், "மாதா கைவிடமாட்டா புள்ள" என்று சிரிப்பு வேறு.

ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சியில் நேற்று ஒரு பாடம். பூமி உண்டான புதிதில் உலகம் முழுக்க அந்தக் கிணறு போலத்தானாம். எரிமலைகள் கக்கிய நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன். பிராணவாயு கிடையாது. எங்கே விளக்கு வைத்தாலும் அணைந்துவிடும். எனக்கு உங்கள் முகம்தான் கண்ணில் நின்றது. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

இனிப் பத்தும் சொல்வதாகச் சத்தியம் செய்யுங்கள். அதுவரை வரமாட்டேன்.

பாக்கியமேரி

இண்டூர்,
18.5.1974

பாக்கியத்துக்கு,

அடேயப்பா, வாத்தியாரம்மா கடுதாசியிலும் பிரம்பு எடுத்துட்டியே! அப்புறம் அந்தக் காத்து எப்படி மாறுச்சாம்? பாதியில் விட்டுட்ட. மாதுவும் கேக்குறான்.

சத்தியமெல்லாம் எதுக்கு? களி கிண்டினால் கட்டி கட்டியா வருது. வந்துடு.

சவரி

அதியமான்கோட்டை,
22.5.1974

அன்புள்ளவருக்கு,

பாசிதான் மாற்றியது. கடலில் இருந்த நீலப்பச்சைப் பாசி வெயிலை வாங்கிக்கொண்டு பிராணவாயுவை விட்டது. முதலில் வந்ததையெல்லாம் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு பிடித்துக்கொண்டு, துருவாகி அடியில் படிந்துவிட்டதாம். பாசி சலித்துக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான வருஷம் விட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

பாசிக்கு அத்தனை பொறுமை. உங்களுக்குப் பத்து மந்திரம் சொல்ல நேரமில்லை. களிக் கதையெல்லாம் வேண்டாம். சத்தியம் எங்கே?

பாக்கியமேரி

இண்டூர்,
2.6.1974

பாக்கியம்,

நேத்து மாயவன் தோட்டத்துப் பழங்கிணறு. விளக்கை இறக்கினேன். ஏழாவது மந்திரத்தில் அணைஞ்சுபோச்சு. ஏழாவதில், புள்ள! மூணோட நிறுத்தியிருந்தா? வேலையே வேண்டாம்னு திரும்பிட்டேன். மாயவன் கண்டபடி திட்டினார். திட்டட்டும்.

சத்தியம். இனிப் பத்தும் சொல்வேன், நிதானமாச் சொல்வேன்.

நம்ம தண்ணித் தொட்டியில் பச்சைப்பசேல்னு பாசி. தேய்க்காம விட்டிருக்கேன். பாவம், அது வேலை பார்க்கட்டும்.

சவரி

அதியமான்கோட்டை,
5.6.1974

என் சவரிக்கு,

முதல்முறையாகப் பேர் சொல்லி எழுதுகிறேன். அம்மா பார்த்தால் வைவாள்.

சோம்பேறித்தனத்துக்குப் பாசியைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். தொட்டியை இன்றைக்கே தேய்த்து வையுங்கள். நம் இரண்டு பேருக்கும் வேண்டிய காற்று வந்து சேர்ந்தாயிற்று.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உலையை மட்டும் வையுங்கள், களி நான் கிண்டுகிறேன்.

பாக்கியமேரி