செட் என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு

4 ஜூன்

அகராதிக்காரருக்கு,

நலம். அப்பா கைத்தாங்கலாக நடக்கிறார். பேச்சுதான் இன்னும் சரியாக வரவில்லை.

உங்கள் அகராதியின் மெய்ப்பு நான் இங்கே வேலை பார்க்கும் அச்சகத்துக்கே வந்திருக்கிறது. 'செட்' ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. நீங்கள் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிழை திருத்த உட்கார்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடிவாதம் என்ற பொருளுக்கு, 'அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.' உறைதலுக்கு, 'தயிர் உறையவில்லை என்று அவள் அழுதாள்.' அந்த 'அவள்' யார் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் புருஷன்மார் பெண்டாட்டியைப் பற்றி டீக்கடையில் புலம்புவார்கள். நீங்கள் அச்சிலேயே ஏற்றிவிட்டீர்கள்.

நான் தயிருக்காக அழவில்லை.

இப்படிக்கு,
பிழை திருத்துபவள்

9 ஜூன்

அன்புள்ள உனக்கு,

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். எட்டு மாதமாக இந்தச் சொல்லோடுதான் குடித்தனம். உட்கார வைப்பது என்ற பழைய வினைச்சொல் ஒன்று. பின்தொடரும் கூட்டத்தைக் குறித்த லத்தீன் சொல்வழி வந்தது இன்னொன்று. வேறு வேறு வீட்டில் பிறந்தவை ஒரே எழுத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. சூரியன் மறைவது, எலும்பு கூடுவது, ஒரே மாதிரி ஆறு கோப்பை வாங்குவது எல்லாம் இதற்குள் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் வேண்டும். எழுதச் சீட்டை எடுத்தால் உன் குரல்தான் கேட்கிறது. நீ போனபின் வீட்டில் வேறு பேச்சு ஏது? வாக்கியங்களைப் படித்துவிட்டு, "இந்தம்மா நல்லாப் பேசுறாங்களே" என்றார் பதிப்பாசிரியர்.

அந்த இரண்டையும் எடுத்துவிடுகிறேன். எப்போது வருகிறாய்?

உன்னவன்

13 ஜூன்

அகராதிக்காரருக்கு,

எடுக்க வேண்டாம். வாக்கியத்தில் பிழை இல்லை.

தயிருக்காக அழவில்லை என்று எழுதியிருந்தேன். பின் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. ஒரு சொல் எங்கே பிறந்தது என்று எட்டு மாதம் தேடினீர்கள்.

அப்பாவுக்கு வாய் கோணிப் பேச்சு நின்றதாக அன்று காலைதான் தகவல் வந்தது. மூன்று தரம் சொன்னேன், மூன்று தரமும் 'ம்' கொட்டினீர்கள். பிறகு தயிரைச் சொல்லி அழுதேன். நிமிர்ந்து பார்த்து அதைக் குறித்துக்கொண்டீர்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்ததாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் தேறிவருகிறார். எனக்குத் திரும்பி வர மனம் வரவில்லை.

இப்படிக்கு,
நான்

22 ஜூன்

அன்புள்ள உனக்கு,

நீ மூன்று தரம் சொன்னது எனக்கு நினைவே இல்லை. தயிர் மட்டும் நினைவிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

அடுத்த சொல்லைக் கொடுத்தார்கள். வாங்கவில்லை. ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமாவை இதுவரை வந்து பார்க்காமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு வருவேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

உன்னவன் என்று எழுதலாமா எனத் தெரியாதவன்

25 ஜூன்

உங்களுக்கு,

வாருங்கள். அப்பா இப்போது கொஞ்சம் பேசுகிறார். பாதிச் சொல்லில் நின்றுவிடும். மீதி வர நேரம் பிடிக்கும். நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவரே சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நான் சொல்ல வேண்டியதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.