எழுந்து நிற்காத பையன்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? எனக்குப் புதன்கிழமையிலிருந்து மனசே சரியில்லை. நம் இரண்டு வகுப்பும் திரையில் சந்தித்தபோது உங்கள் திரையில் எங்கள் படம் உறைந்துபோனதே, ஞாபகம் இருக்கிறதா? குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. என் வகுப்பு வாயாடிப் பெண் உங்கள் ஊர் மொழியில் எண்களைச் சொல்லச் சொல்ல, உன் பிள்ளைகள் அவரவர் எண்ணுக்கு எழுந்து நின்றார்கள். சுருட்டை முடிக்காரன் மட்டும் எழவில்லை. நீ அவனைத் திட்டினாய்.

வாயாடி என்னிடம் வந்து, "டீச்சர், அவன் வேணும்னு பண்ணல. படம் நின்னுடுச்சு, என் வாய் அவனுக்குத் தெரியல" என்றாள். அவள் அப்பாவுக்குக் காது கேட்காது. வாயைப் பார்த்தே புரிந்துகொள்பவர். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவனைக் கொஞ்சம் கவனியேன்.

அன்புடன்,
உன் சின்னவள்

ஜூன் 19

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. தினமும் அவனோடு மல்லுக்கட்டுபவள் நான். வாரத்துக்கு அரைமணி நேரம் திரையில் பார்க்கிற உனக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் பாடம் நடக்கும்போது அவன் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் படம் வரைந்துகொண்டே இருந்தான்.

அவன் அம்மாவிடம் வாயாடி சொன்னதைச் சொல்லி, காதைக் காட்டச் சொன்னேன். "எங்கேயோ இருக்கிற ஒரு பொண்ணு என் பிள்ளைக்குக் குறை சொல்லுமா?" என்று கத்திவிட்டுத் தலைமையாசிரியையிடம் போய்விட்டாள். திரைச் சந்திப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. இனி இதைப் பற்றி எழுதாதே.

அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். போன் செய்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறாய். உன் வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாயாடியின் அப்பா இன்று பள்ளிக்கு வந்தார். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார்: "எனக்கும் அந்த வயசுலதான் காது மங்க ஆரம்பிச்சது. அடங்காதவன்னு அடிச்சாங்க. டாக்டர்கிட்ட போறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. அந்தப் பையனோட அம்மாகிட்ட, சீக்கிரம் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க." அழிக்க எனக்குக் கை வரவில்லை.

என்னைத் திட்டு, பேசாமல் இரு. இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடு அக்கா.

சின்னவள்

ஜூலை 30

என் சின்னவளுக்கு,

சொல்லிவிட்டேன். பள்ளி வாசலில் அவன் அம்மாவை நிறுத்தி, வாயாடியின் அப்பா எழுதியதை அவள் மொழியில் வரி வரியாகச் சொன்னேன். மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நீ போன் செய்தபோதெல்லாம் சொல்ல எதுவும் இல்லாமல்தான் எடுக்கவில்லை. கோபமில்லையடி.

நேற்று அவளே என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு காதிலும் சீழ் பிடித்து உள்ளே எலும்பை அரித்திருக்கிறதாம். இடது காது போனது போனதுதான். வலது காதில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. எவ்வளவு கேட்கும் என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். "பள்ளிக்கூடம் வேண்டாம்னா போகட்டும், நான் என் போன்லயே கூப்பிடுறேன். அந்தப் பொண்ணோட அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. வீட்ல எப்படிப் பேசிக்கிறாங்கன்னு நான் கத்துக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். அவரிடம் கேட்டுச் சொல்.

உன் அக்கா