பானெட்டுக்கு மருந்து பூசிய ஞாயிறு

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முழுக்க நான் பேசியது ஒரு மட்கார்டிடம் மட்டும். ராயபுரம் ஜெரால்ட் வாங்கிப் போட்டிருக்கும் பழைய அம்பாசிடரின் வலது மட்கார்டு. காருக்கு என்னைவிட வயது அதிகம். மேலே வெள்ளை, சுரண்டினால் டாக்ஸியாக ஓடிய காலத்துக் கறுப்பு, அதையும் சுரண்டினால் பச்சை. இத்தனை நிறம் மாறியும் வெட்கப்படாத ஒருவர் எங்கள் வார்டிலும் இருக்கிறார். பெயரை எழுத மாட்டேன். டைரி தொலைந்தால் வம்பு.

பச்சைக்கு அடியில் துரு. துருவுக்கு அடியில் அல்லா கிருபையில் கொஞ்சம் தகடும் இருக்கிறது என்கிறார் ஜாபர் பாய். காலடிப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஷெட் அவருடையது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சொக்கு போனபிறகு இந்த வீட்டில் ஒரு சாமானும் தானாக இடம் மாறுவதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

என் மனைவி சொக்கம்மாள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்று தெருவில் மூன்று கதை ஓடுகிறது. அதில் இரண்டு நானே கிளப்பியவை.

உண்மைக் கதை சின்னது, சுவாரசியமும் இல்லாதது. பொங்கலுக்கு முந்தின வாரம் பையில் நாலு சேலையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒன்னாண்ட ராத்திரி ஒண்ணு சொன்னா காலீல டீக்கடையே சிரிக்குதுய்யா. எனுக்குன்னு ஒரு பேச்ச நான் எங்க வெச்சிக்கறது?"

அப்போதாவது சும்மா இருந்தேனா? "பீரோல வெச்சிக்கோ, சாவி நான் தரேன்" என்றேன்.

நல்ல வரிதான். சிரிக்கத்தான் ஆளில்லை. வியாசர்பாடியில் அவள் அக்கா ரமாபாய் வீட்டில் இருக்கிறாள். என் போனை எடுப்பதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

மீன் வாங்கக் காசிமேடு போனேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குவது என்று தெரியாமல் வெறும் பையோடு திரும்பினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பாயிடம் திட்டு. நியாயமான திட்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு தகடுதான். காலையில் மருந்து பூச வேண்டும் (பெயின்ட் ரிமூவரை ஷெட்டில் மருந்து என்றுதான் சொல்வோம்). பெயின்ட் கொப்பளித்ததும் வழித்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டால் தகடு வெள்ளி மாதிரி வரும். வந்ததும் பொழுது சாய்வதற்குள் ரெட் ஆக்சைடு அடித்தாக வேண்டும். அம்மணமாக ஒரு ராத்திரி விட்டால் போதும், கடல் காற்று வேலையைக் காட்டிவிடும். ஆக, கை வைத்தால் நடுவில் எழுந்து போகக்கூடாது.

நான் சனிக்கிழமை எழுந்து போனேன். மேல்வீட்டு தேவப்பிரியம் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பிரியாணிக்காகப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் சண்டை வரும் என்று உறுதியான தகவல் இருந்தது. சண்டையும் வந்தது, ஆனால் சுமார்தான். இன்று வந்து பார்த்தால் முன்கதவு முழுக்க மஞ்சள் பூத்திருக்கிறது.

"ஊர் வம்புக்குப் போயி கதவுக்குச் சொறி புடிக்க வுட்டியே லோகு!"

"கதவுக்குத்தானே பாய், ஜெரால்டுக்கு இல்லையே" என்றேன். பாய் சிரித்தார். சிரித்தபிறகு திட்ட முடியாது. இதுதான் என் பிழைப்பு.

கதவை முதலிலிருந்து தேய்த்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சொக்கு போன் செய்தாள். எனக்கு இல்லை, பாய்க்கு.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. ஆதார் அட்டை கேட்கிறார்களாம். அது எங்கள் டி.வி. மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஷெட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறாளாம்.

"வூட்டுக்கு வர மாட்டாளாமா?"

"அத்த நீயே கேளு மாமு. நான் இன்னா போஸ்ட்மேனா?" என்றார் பாய்.

யோசித்துப் பார்த்தேன். இருந்த நாலு சேலையும் ஏற்கெனவே போய்விட்டது. ஆதாரையும் எடுத்துக்கொண்டால், அப்புறம் என்னிடம் வந்து வாங்கிப்போக அவளுக்கு ஒன்றும் பாக்கியில்லை. இந்த ஒரு தடவைதான்.

பிப்ரவரி 15, சனி

ஒத்திகை பார்த்தேன், கண்ணாடி முன்னால். மூன்று வரி தயார்.

ஒன்று: "வாங்க மேடம், கைரேகை வெச்சாத்தான் கார்டு." இரண்டாவது ரமாபாயின் குறட்டையைப் பற்றியது. மூன்றாவது கொஞ்சம் உருக்கமானது, கடைசியில் சிரிப்பு வரும். சிரித்துவிட்டால் பாதி ஜெயம்.

நாளை பானெட். மூன்று மணிக்குள் முடித்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் நிற்க வேண்டும்.

ஆதாரை எடுத்துப் பார்த்தேன். அந்தப் போட்டோவில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியாது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாலு மணி என்றவள் பன்னிரண்டுக்கே வந்து நிற்கிறாள்.

பானெட் முழுக்க மருந்து. பெயின்ட் அப்போதுதான் கொப்பளித்து எழும்புகிறது. அந்த நேரத்தில் வழிக்காமல் விட்டால் பிசினாகக் காய்ந்துவிடும். முகத்தில் மாஸ்க். துணி மாஸ்க் இல்லை, கண்ணுக்குக் கண்ணாடியும் பன்றி மூக்கு மாதிரி இரண்டு பக்கமும் டப்பாவும் வைத்தது. கை இரண்டிலும் ரப்பர் உறை, உறை முழுக்க மருந்து. மாஸ்கைக் கழற்றக் கை வைத்தால் கன்னம் வெந்துவிடும். அதற்குள்ளிருந்து பேசினால் "மும் மும்" என்றுதான் வெளியே கேட்கும்.

மூன்று வரியும் மாஸ்குக்குள்ளேயே செத்தன.

"எங்க ஆதாரு?"

ஆணியில் தொங்கிய சட்டையைக் கண்ணால் காட்டினேன். பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நான் வழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா, ஒண்ணும் பேச மாட்ற?"

மும்.

"மும்மா? இது நல்லா கீதே." சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இப்டியே இரு. ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாய் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை, ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முதலில் மெஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். அண்டா அவள் உயரம் இருக்கிறதாம். மகிமா என்று ஒருத்தி, எல்லோரையும் அதட்டுகிறவள், இவளை மட்டும் அக்கா என்கிறாளாம்.

அதற்கப்புறம் சொன்னது வேறு. அவளைப் பற்றியது, வெகு நாளாக உள்ளே இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஒன்று மட்டும் எழுதுகிறேன், அது என்னைப் பற்றியது. நடுநடுவே அவள் ஒரு வார்த்தையில் தடுக்கி நின்றாள். வழக்கமாக அந்த இடத்தில்தான் நான் ஒரு ஜோக் வைப்பேன். அவளும் சிரிப்பாள், பேச்சு அதோடு முடிந்துவிடும். இன்று ஜோக் வரவில்லை. அவள் தடுக்கினாள், நின்றாள், மூக்கை முந்தானையில் துடைத்தாள், தானே மேலே போனாள். மேலே இவ்வளவு இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் கல்யாணமாகி நான் அந்தப் பக்கம் போனதே இல்லையா?

அவள் முடித்தபோது நான் ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தேன். மாஸ்க் கண்ணாடியில் ஆவி படிந்து எனக்கு பானெட் சரியாகத் தெரியவில்லை. ஆவி என்றே எழுதிவைக்கிறேன்.

"வூட்டுக்கு வரல. இப்ப வரல" என்றாள் எழுந்துகொண்டே. "அடுத்த ஞாயித்துக்கெழம இன்னா வேல?"

டிக்கி மூடியைக் காட்டினேன். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 17, திங்கள்

"இன்னா லோகு, இன்னா சொல்லிச்சு தங்கச்சி?" பாய் கேட்டார். டீக்கடையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மேல்வீட்டு தேவப்பிரியம் பால் வாங்கும் சாக்கில் வந்திருந்தார்.

"மருந்து வாடை ஓவர்னு சொல்லிச்சு."

"அம்மாம் நேரமும் அதேவா?"

"அம்மாம் நேரமும் அதான் பாய்."

என் வாயிலிருந்து இவ்வளவு மட்டமான சரக்கு வந்ததில்லை. உடம்பு சரியில்லையா என்று டீ மாஸ்டர் விசாரித்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

அவள் சொன்னது உள்ளே கிடக்கிறது. ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு சாப்பிடுவதும் தூங்குவதும் எனக்குப் பழக்கமில்லை. அது இருப்பதால் வீடு நிறைந்திருக்க வேண்டும் அல்லவா? இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு தடவை போனில் அவள் நம்பர் வரை போய்விட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

டிக்கி மூடிக்கு விடியும்போதே மருந்து பூசி, வழித்து, கழுவியும் வைத்துவிட்டேன். அவள் வந்தபோது வெறும் உப்புத்தாள் வேலைதான். ஆனாலும் மாஸ்கைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அதே ஸ்டூல். மெஸ்ஸில் யாரோ சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்ட கதையில் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, மருந்து வாடையே காணோம்?"

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பால இன்னாத்துக்கு மூஞ்சில அத்த மாட்டிகினு கீற? கழட்டு. மூச்சு முட்டப் போவுது."

கழற்றினேன். முகம் காற்றாடியது. பயமாகவும் இருந்தது. அவள் விட்ட இடத்தைத் தேடினாள். சாம்பாரைத் தாண்டி, போன வாரம் சொன்னதன் பக்கமாகப் போனாள். ஒரு வார்த்தையில் நின்றாள்.

எனக்கு ஒரு வரி வந்தது. சத்தியமாக நல்ல வரி. ஒரு வருஷத்துக்கு டீக்கடையில் காசில்லாமல் டீ குடிக்கலாம், அப்படிப்பட்ட வரி. நுனி நாக்கில் நின்றது.

"அப்பறம்?" என்றேன்.

சொக்கு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அப்பறம் இன்னா..." என்று ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.