பூஜ்யம் போட்ட அட்டை

என் நைனாவுக்கு,

நீ உயிரோடு இருந்திருந்தால் இதை நேரில் சொல்லியிருப்பேனா, தெரியாது. பயமாக இருக்கிறது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

என் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பெங்களூரில் அதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உன் மகள் அதற்குப் புரோகிராம் எழுதுகிறாள், நம்புகிறாயா? எண்ணைப் பகாக் காரணிகளாக உடைக்க வேண்டும். இரண்டால் வகு, மீதி இல்லையென்றால் இரண்டு என்று அச்சடித்து, மறுபடி இரண்டால் வகு. மீதி வந்தால் மூன்றுக்குப் போ. ஒன்றில் வந்து முடியும்வரை இதே வேலை. பன்னிரண்டு கொடுத்தால் 2, 2, 3. இது சரியாக ஓடினால் வேலை நிரந்தரம் என்றார் ஆபீசர்.

எண்களை அட்டைகளில் துளையாகப் போட்டுத் தரவேண்டும். பிள்ளையார் சுழி போடாமல் எனக்குக் கை நகராது, உனக்குத் தெரியுமே. சுழிக்கு அந்த இயந்திரத்தில் ஏது துளை? வட்டமாக இருக்கிறதே என்று முதல் அட்டையில் ஒரு பூஜ்யம் போட்டேன். பெரிய புத்திசாலி!

இயந்திரம் அதையும் எண் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யத்தை இரண்டால் வகுத்தால் பூஜ்யம்; மீதி இல்லை. மறுபடி வகுத்தாலும் பூஜ்யம். தாள் முழுக்க 2, 2, 2 என்று அடித்துத் தரையில் குவித்தது.

"இன்னாம்மா இது, நிக்கவே மாட்டேங்குது!" என்று கத்தினார் ஆபரேட்டர் ஆரோக்கியம் அண்ணன், ஜீவனஹள்ளிக்காரர். அவர் அணைப்பதற்குள் தாள் சிக்கி அச்சு இயந்திரத்தில் ஏதோ உடைந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அட்டைகளை எடுக்கும்போது அந்த ஒன்றை மட்டும் டிபன் பைக்குள் நழுவவிட்டேன்.

பழுது பார்த்து இன்று மறுபடி ஓட்டினார்கள். எல்லாம் சரியாக வந்தது. ஆபீசர் என்னைப் பாராட்டிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏனப்பா, புரோகிராம்ல தப்பே இல்ல. நீதான் என்னமோ பண்ணியிருக்கே."

"இல்ல சார், கார்டு போட்டேன், ஸ்டார்ட் அமுக்கினேன், அவ்ளோதான் சார்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாளைக்கு அவரை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் கொடுக்கப்போகிறார்கள். டைப் அடித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டேன். காரணம், கவனக்குறைவு. நீ சுரங்கத்தில் செத்தபோது நம் வீட்டுக்கு வந்த தாளிலும் அதே சொல்தான். அம்மா என்னைத்தான் படித்துக் காட்டச் சொன்னாள்.

நைனா, அன்றைக்கும் உண்மை தெரிந்த ஒருவர் அங்கே நின்றிருந்தாரா? என்னைப்போலத் தலையைக் குனிந்துகொண்டாரா?

என் வேலை போகும். அம்மாவிடம் என்ன சொல்வேன், தெரியவில்லை. ஆனாலும் காலையில் அந்தக் கடிதத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் ஆபீசர் மேஜையில் இந்த அட்டையை வைத்துவிடுவேன். இது சத்தியம்.

உன் மூத்த மகள்,
கோமதி