மூன்றாம் நம்பர் அறையில் இரண்டு குரல்

ஜூன் 9, திங்கள்

பேய்க்கதை படித்தது போதும். இன்று முதல் எழுதுவது. கம்பெனி பஸ் என்னை ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றி ஒரகடத்தில் இறக்குவதற்குள் தினம் ஒரு பக்கம். நாற்பத்தேழு வயதில், டைம் ஆபீஸில் மற்றவர்களின் வருகையைப் பதிகிறவளுக்கு வரவேண்டிய ஆசையா இது? பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் கோயில் கைங்கர்யம். நானோ கோயில் காலண்டர் தாளில் அட்டை போட்டு ரத்தக் காட்டேரி படிக்கிறேன். ஸ்தோத்திரப் புத்தகம் என்று நினைத்து பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கிறார்கள்.

ஜூன் 10

எழுதவில்லை. பேனா மறந்துவிட்டது. (பேனா இருந்தது.)

ஜூன் 13, வெள்ளி

நாலு நாளில் ஒன்றரைப் பக்கம். சுடுகாடு, புளியமரம், வெள்ளைப் புடவை. என் ஆத்துக்காரர் பார்த்தாவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டி ஹேமா, இந்தப் பேய்க்கு வேற ஜோலியே கிடையாதா? ஒரு ஷிஃப்ட்டுக்குக்கூடப் போகாதா?" என்றார். கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

கதை கிடைத்துவிட்டது!

கேன்டீன் லீலா இருங்காட்டுக்கோட்டையில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் உட்காரவே இல்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், எங்க லைன் வூட்டுல மூணாம் நம்பர் ரூம்ல பூமாரின்னு ஒரு பொண்ணு கீது. தூத்துக்குடி பக்கம். நம்ம கம்பெனிதான், செகண்ட் ஷிஃப்ட். தனியாத்தான் கீது. ஆனா காலைல உள்ள ரெண்டு குரல் கேக்குது. ஒண்ணு ஆம்பள குரலு!"

"யாராவது வந்திருப்பா."

"ஜன்னல்ல எட்டிப் பாத்தேன் மேடம். ஒர்த்தனும் இல்ல. அது மட்டும் சொவத்தப் பாத்து நின்னுகினு கீது."

ஒரகடம் வருவதற்குள் ஒன்றரைப் பக்கம்! அந்த நீலக் கதவு, வாசலில் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி, சுவர், எல்லாவற்றையும் லீலா சொன்னபடியே வைத்தேன். பெயரை மட்டும் பூங்கோதை என்று மாற்றினேன். என்ன ஒரு கற்பனை வளம்.

ஜூன் 20, வெள்ளி

பஸ் வாட்ஸப் குரூப்பில் முதல் பகுதியைப் போட்டேன். என் பெயரில் போட வெட்கம். அதனால் இவர் போனிலிருந்து எனக்கு அனுப்பி, அங்கிருந்து குரூப்புக்கு ஃபார்வர்டு செய்தேன். மேலே 'ஃபார்வர்டட்' என்று வந்துவிடும். யாரோ எழுதியது, எனக்கும் வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 25, புதன்

தினம் ஒரு பக்கம், ஒரு நாள் தவறவில்லை. நான்கு பகுதிகள் போயாயிற்று.

ஆனால் யாரும் கதையாகப் படிக்கவில்லை. எங்கள் பஸ்ஸில் ஃபார்வர்டு ஆகி வந்தால் அது செய்தி. லீலா என்னிடமே போனை நீட்டுகிறாள்: "நான் சொன்னப்ப நம்புனீங்களா? இப்ப பாருங்க, வாட்ஸப்லயே வந்துட்ச்சு!" யாரோ கீழே 'இருங்காட்டுக்கோட்டை, செங்கமலம் லைன் வீடு' என்று விலாசமே போட்டுவிட்டார்கள்.

"இது நான் எழுதிய கதை" என்று டைப் செய்தேன். அழித்தேன். 'அடுத்தது எப்போ வரும்?' என்று பதினோரு பேர் கேட்டிருந்தார்கள். பதினோரு பேர்! அடுத்ததை அனுப்பினேன்.

ஜூன் 27, வெள்ளி

பூமாரி டைம் ஆபீஸுக்கு வந்தாள். இதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை. இருபத்துமூன்று வயதிருக்கும். லீவு ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீட்டாமல் நின்றாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ரூம காலி பண்ணணும்னு ஓனரம்மா சொல்லுதாங்கக்கா. ரூம்ல பேய் இருக்காம். செவ்வாக்கெழம எனக்கு லைன் லீடர் இன்டர்வியூ. ரூம் தேட திங்கக்கெழம லீவு போட்டா, இன்டர்வியூக்கு முன்னாடி லீவு போட்ட பிள்ளன்னு ஆயிரும்லா?"

ஆண் குரலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"எச்.ஆர். சார் மாதிரி குரல கட்டையாக்கிக் கேள்வி கேப்பேன். 'ஏம்மா, முப்பது பேர வேல வாங்க ஒன்னால முடியுமா?' அப்புறம் நானே பதில் சொல்லுவேன். சொவத்தப் பாத்துப் பேசுனா கூச்சம் போவும்னு."

ஃபாரத்தை மடித்தாள். "எழுதுனது யாருன்னு தெரியல. தெரிஞ்சாலும் சண்டைக்குப் போவ மாட்டேன்க்கா. ஒரு தடவ கதவத் தட்டிருக்கலாம்லான்னு மட்டும் கேப்பேன்."

தண்ணீர் கொடுத்தேன். அவ்வளவுதான் கொடுத்தேன்.

ஜூன் 28, சனி

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? அந்தப் பொண்ணு பாட்டுக்கு இன்டர்வியூவுக்குத் தயாராயிண்டிருந்தா. இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எழுதினவ நீதானே? போய்ச் சொல்லு" என்றார்.

சொன்னால் ஊர் என்ன சொல்லும் — இந்த நிலையிலும் எனக்கு அதுதான் தோன்றுகிறது!

ஜூன் 29, ஞாயிறு

லைன் வீட்டுக்குப் போய் ஓனரம்மா செங்கமலத்தைப் பார்த்தேன். எழுதியது நான்தான் என்றேன். நம்பவில்லை.

"போம்மா! கோயிலு வூட்டுப் பொம்பள நீ. அந்தப் பொண்ணு மேல பாவப்பட்டு வந்து பேசற."

எழுத்தாளராக என் முதல் அங்கீகாரம் இப்படி. நோட்டை எடுத்து நீட்டினேன். செங்கமலம் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கம் புரட்டினாள்.

"'ஆண் குரல்'னு எழுதிக்கீற. அத்த அடிச்சிட்டு 'கரகரத்த ஆண் குரல்'னு போட்டுக்கீற." நிமிர்ந்தாள். "இதுக்கா நான் வூடு மொத்தம் கழுவி வுட்டு பூசணிக்கா ஒடச்சேன்? பேரு போட்டு குரூப்புல சொல்லு. என் கண்ணு எதுர்க்க."

போட்டேன். மூன்று முறை தப்பாக அடித்தேன். 'இந்தக் கதை என் கற்பனை. எழுதியது ஹேமாம்புஜம், டைம் ஆபீஸ். பூமாரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

"அந்தப் பொண்ணு இங்கியே இருக்கட்டும்" என்றாள் செங்கமலம்.

திரும்பினால் நீலக் கதவருகே பூமாரி நிற்கிறாள். எவ்வளவு நேரமாகவோ.

"பூமாரி, நான்..."

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்க்கா."

கதவை மெதுவாகச் சாத்தினாள். படாரென்று சாத்தியிருக்கலாம்.

ஜூலை 1

இன்டர்வியூ. நேற்று லீவு போடவில்லை; இன்றும் வந்திருந்தாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பேன்?

ஜூலை 21, திங்கள்

பூமாரி லைன் லீடர். ஆனால் செங்கமலம் எவ்வளவு சொல்லியும் அந்த அறையில் இருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கே குடிவந்துவிட்டாள். புது விலாசத்தைப் பதிந்தது நான்தான்.

பஸ்ஸில் இப்போது யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. நான் ஏறினால் லீலா பாதிப் பேச்சில் நிறுத்திக்கொள்கிறாள். ஒரு நாள் காதில் விழுந்தது: "மேடம் வருது, வாய மூடு. நாளைக்கு நம்மள பேயாக்கிடும்." நியாயம்தான். நன்றாகவும் சொன்னாள்.

புது லீடர்களுக்கு ஒரு மாதம் ஜெனரல் ஷிஃப்ட்டில் டிரெய்னிங். இன்று காலை எங்கள் நிறுத்தத்தில் எனக்குப் பின்னால் பூமாரி ஏறினாள். புது சட்டை, பெயர்ப் பட்டை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. நோட்டை மூடினேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கினேன்.

பூமாரி பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரகடம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.