இரண்டாவது வரிசை

மாப்ள,

இன்று மதியம் சைட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். விடியுமுன் அடைத்த சோறு வெயிலில் கிடந்து புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பது போலவே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்பது வருடம் துபாயில் ஒரே அறையில் கிடந்தோம். நீ ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம், நான் முதுகுளத்தூர்ப் பக்கம். இருவருக்கும் கம்பி கட்டுகிற வேலை. காலையில் பரோட்டா, மதியம் இதே சோறு, ராத்திரிக்கும் சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. சூடு தாங்காமல் நாளைக்கு மூன்று தடவை இனிப்புக் கலர் சோடா குடிப்போம். ஊரிலும் சோறுதான் தின்றோம். ஆனால் அதோடு கீரை இருந்தது, மொச்சை இருந்தது, கருவாடு இருந்தது. இங்கே நமக்கு எதைப் போடுவது என்று முடிவு செய்தவர்கள் நம் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் நீ பூட்ஸைக் கழற்றினாய். காலுறை முழுக்க ரத்தம். பூட்ஸின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி நின்றது.

"வலிக்கலையா மாப்ள?" என்று பதறினேன்.

"எப்பக் குத்துச்சுன்னே தெரியலடா."

சர்க்கரை ஏறி ஏறிக் காலில் உணர்ச்சியே மரத்துவிட்டது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லாத. டிக்கெட் போட்டு அனுப்பிருவாய்ங்க" என்றேன்.

நீ கேட்கவில்லை. அந்த வாரமே மெஸ்ஸில், அத்தனை பேருக்கும் நடுவில் தட்டோடு எழுந்து நின்றாய். "எனக்குச் சுகர் இருக்கு. தெனம் இதையே தின்னா நான் செத்துருவேன். இன்னும் யாருக்கெல்லாம் இருக்கு?"

முதலில் உச்சிப்புளிக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். பின்னாலிருந்து ஒரு வங்காளி. அப்படியே உன்னோடு சேர்த்துப் பதினான்கு பேர். என் கை எழவில்லை. எனக்கும் சர்க்கரை இருப்பது எனக்கு அப்போதே தெரியும். உன்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"வேலைக்கு வந்தீங்களா, விருந்துக்கு வந்தீங்களா?" என்று மெஸ் சூப்பர்வைசர் எகிறினார்.

"விருந்தா கேட்டோம்? ஒங்களுக்கு ஒழைக்கிற ஒடம்புக்குத்தான கேக்குறோம்" என்றாய்.

மூன்று நாள் பதினான்கு பேரும் மெஸ் சாப்பாட்டைத் தொடவில்லை. கடையில் கொண்டைக்கடலை வாங்கி அவித்துத் தின்றீர்கள். நான்காம் நாள் மெஸ்ஸில் இரண்டாவது வரிசை ஒன்று வந்தது: கோதுமை ரொட்டி, பருப்பு, அவித்த காய். ஒரு மாதம் தயங்கிவிட்டு நானும் போய் அதில் நின்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாய்.

அந்த வருடக் கடைசியில் உன் ஒப்பந்தத்தை மட்டும் அவர்கள் புதுப்பிக்கவில்லை.

ஊருக்குப் போயும் புண் ஆறவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்கால் வரை. "இன்னொரு காலு இருக்குல்லடா" என்று போனில் சிரித்தாய். அதன் பிறகு சிறுநீரகமும் போனது.

துக்கத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டு வாசலில் ஒரு பெரியவர், "வாயக் கட்டியிருந்தாப் பொழச்சிருப்பான்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் என்ன தின்னான்னு ஒங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குப் போட்டதத் தின்னான். இதப் போடாதீகன்னு எந்திரிச்சுக் கேட்ட மொத ஆளும் அவன்தான். எனக்கும் சுகர்தான். நல்லாக் கேட்டுக்கங்க!"

அதை ஊரறிய நான் சொன்னது அன்றுதான். உன் மனைவி உள்ளேயிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "இன்னும் சொல்லுங்கண்ணே" என்றாள்.

இப்போது வேறு கம்பெனி, வேறு கேம்ப். இங்கே எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. உன்னை நினைத்து அழுவது குறைந்துவிட்டது மாப்ள. கோபம் மட்டும் குறையவில்லை. குறைய விடுவதாகவும் இல்லை. போன வாரம் அதை, இங்கேயும் இரண்டாவது வரிசை வேண்டும் என்ற மனுவாக எழுதி, முப்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கி, ஆபீசில் கொண்டுபோய் நீட்டினேன்.

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "முதல் கையெழுத்து யாருது? பேரைக் குறிச்சு வச்சுக்கிறேன்."

"என்னுதுதான், குறிங்க சார்" என்றேன். "இனிஷியலோட குறிங்க."